திராட்சை என்று எழுதியிருந்தது

என் தொழில் பத்திரம் தட்டச்சு செய்வது. குத்தாலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே சின்னக் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கணினி. கிரயப் பத்திரம், தான செட்டில்மெண்ட், குத்தகை ஒப்பந்தம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் இரண்டு குடும்பங்கள் கோர்ட்டுக்கு அலையும். அதனால் அச்சுக்குப் போகும் முன் எதையும் மூன்று முறை படிப்பேன். என் உயிரைப் பற்றிய ஒரு படிவத்தையும் அப்படித்தான் படித்தேன். அதில் ஒரு சொல் தவறாக இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

இப்போது உட்கார்ந்து எழுதும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது. இது எத்தனை நாள் நீடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் தள்ளிப்போடாமல் எழுதிவிடுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருப்பதுபோல் இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். வாயுத் தொல்லை என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். மயிலாடுதுறையில் ஸ்கேன் பார்த்தவர் மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு இருந்தன. தஞ்சாவூருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ரத்த நோய்ப் பிரிவில் இருந்த ரெஹானா டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். எலும்பு மஜ்ஜையில் இரண்டு மரபணுத் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டுவிட்டன. அதனால் வெள்ளை அணுக்கள் நிற்காமல் பெருகுகின்றன. அது ஒரு வகை ரத்தப் புற்றுநோய்.

"பயப்படாதீங்க கலைச்செல்வி. இதுக்கு மாத்திரை இருக்கு. தினம் போட்டுக்கிட்டு வேலையைப் பார்த்துட்டு இருக்கிறவங்க நிறைய பேர்" என்றார்.

இரண்டரை வருடம் நானும் அப்படி இருந்தேன். பிறகு அந்த மரபணு இன்னொரு முறை மாறியது. மாத்திரை போய் உட்காரும் இடமே உருமாறிவிட்டது. வேறு மாத்திரை கொடுத்தார்கள். அதில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு மூச்சுவிட முடியாமல் படுத்தேன். அதையும் நிறுத்தினார்கள். ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள், ரெஹானா டாக்டர் என் கணவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒரு புது மருந்து சோதனையில இருக்கு. இன்னும் கடைக்கு வரல. உங்க ரத்தத்துல இருக்கிற மாற்றத்துக்குன்னே செஞ்சது. வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"வேற வழி இருக்கா மேடம்?" என்று என் கணவர் கேட்டார்.

டாக்டர் என் பழைய ரிப்போர்ட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

என் கணவர் பெயர் இளங்கோவன். இரண்டு ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் குத்தகை. அதிகம் பேசமாட்டார். ஒப்புதல் படிவம் முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. மூன்று நாள் நான் உரக்கப் படிக்க, அவர் தரையில் உட்கார்ந்து கேட்டார். என்னென்ன கேடு வரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், என்ன சாப்பிடக் கூடாது, எல்லாம் இருந்தது. "மருந்து உட்கொள்ளும் காலத்தில் திராட்சைப் பழத்தையும் அதன் சாற்றையும் தவிர்க்கவும்" என்று ஒரு வரி. அவர் அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் திராட்சை இல்லை. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வாங்கி வந்தால்கூட, எனக்குக் கொடுக்கும் முன் உலர்திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடுவார்.

மருந்து தொடங்கிய நாள் முழுக்க மருத்துவமனையில் இருக்க வேண்டியிருந்தது. வெறும் வயிற்றில் காலை ஏழு மணிக்கு மாத்திரை. பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று கணக்கு வைத்து ரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி அப்படியே விட்டிருந்தார்கள். சோதனையைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் ஸ்டெல்லா, கடிகாரத்தைப் பார்த்தபடியே வருவார். ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரைத் தனியாகப் பிரித்து, உறையவைத்து, புகை விடும் உலர்பனிப் பெட்டியில் ஹைதராபாத்துக்கு அனுப்புவார்கள்.

"அங்க என்ன சிஸ்டர் பண்ணுவாங்க?"

"மருந்து எவ்வளவு உங்க ரத்தத்துல ஏறுது, எப்ப இறங்குதுன்னு பார்ப்பாங்க அக்கா. எனக்கு இவ்வளவுதான் தெரியும். டாக்டர்கிட்ட கேளுங்க."

கேட்டேன். டாக்டருக்குச் சந்தோஷம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லையாம்.

"மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்னு ஒரு கருவி. உங்க பொண்ணு பாடப் புத்தகத்துல நிறை நிறமாலைமானின்னு இருக்கும். ரத்தத்துல ஆயிரக்கணக்கான பொருள் கலந்திருக்கு இல்லையா? அதோட மூலக்கூறுகளுக்கு மின்சாரம் ஏத்தி, காத்தே இல்லாத குழாய்ல பறக்க விடுவாங்க. எடைக்குத் தகுந்த மாதிரி அதுங்க பிரியும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எடை உண்டு. கண்ணுக்கே தெரியாத அளவு இருந்தாலும் அந்தக் கருவி இது இன்னதுன்னு கண்டுபிடிச்சிரும்."

"மாத்திரைதான் நாங்களே எண்ணிப் போடுறோமே டாக்டர். அப்புறம் எதுக்கு ரத்தத்துல தேடணும்?"

"முழுங்கினது எல்லாம் ரத்தத்துக்கு வராது. குடலும் கல்லீரலும் பாதியை மாத்திரும். பெரும்பாலும் மருந்து மேல ஒரு ஆக்ஸிஜனை ஒட்டவைக்கும். அப்ப எடை பதினாறு கூடும். பதினாறு கூடினது எவ்வளவு, கூடாதது எவ்வளவுன்னு பார்த்தா, உடம்பு மருந்தை என்ன பண்ணுதுன்னு தெரியும். ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம்னு முடிவு பண்றதே அதை வெச்சுத்தான். எத்தனையோ புது மருந்து இந்தக் கட்டத்துலேயே நின்னுரும். உடம்புல தங்காது. இல்லேன்னா உடைஞ்சு விஷமா மாறும்."

எங்கள் மருந்தும் இப்படி நின்றுவிட்டால் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு குமட்டல் தொடங்கியது. சோற்று வாடையே ஆகவில்லை. குக்கர் விசில் அடித்தால் வாசலுக்கு ஓடுவேன். இட்லி, கஞ்சி, ரொட்டி, எதுவும் உள்ளே தங்கவில்லை. ஹாஸ்டலில் இருந்து மகள் யாழினி தினமும் போனில் கேட்பாள், "இன்னிக்காவது ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா?" பொய் சொல்வேன்.

ஒரு நாள் காலை என் கணவர் வயலிலிருந்து இரண்டு பம்ளிமாஸ் கொண்டுவந்தார். எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அந்த மரம் நிற்கிறது. தலை அளவுக்குக் காய்க்கும், பெரிதாக யாரும் கண்டுகொள்வதில்லை. தடித்த தோலை அரிவாளால் கீறி உரித்து, வெள்ளைச் சதையை நீக்கி, சுளையின் மெல்லிய தோலையும் உரித்து முத்து முத்தாக ஒரு தட்டில் வைத்தார். புளிப்பும் இனிப்புமாக, லேசான கசப்போடு இருந்தது. தட்டு முழுவதும் தின்றேன். வாந்தி வரவில்லை.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சம்பா நல்லபடி விளைந்த வருடம்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அதன் பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மழையில் சேற்றில் இறங்கிப் போய்ப் பறித்து வருவார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன. டாக்டரே சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு துணிச்சல் வந்தது. கடையைத் திறந்து ஒரு நாள் உட்கார்ந்துகூடப் பார்த்தேன்.

நாலாவது வாரம் மறுபடியும் நாள் முழுக்க ரத்தம் எடுக்கப் போனோம். கடைசி ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பு அறையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. துடிப்பு ஒன்று தவறியது, பிறகு நான்கைந்து ஒன்றாக ஓடின. எழுந்து ஸ்டெல்லாவைக் கூப்பிட நினைத்தேன். நினைத்ததுதான் தெரியும். கண் விழித்தபோது நெஞ்செல்லாம் ஒயர்கள். கட்டில் ஓரத்தில் என் செருப்பைக் கையில் பிடித்தபடி என் கணவர் நின்றிருந்தார்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எனக்கு அந்த நேரம் ஆபத்தான அளவுக்கு நீண்டுவிட்டது என்றார்கள். மருந்தை நிறுத்தினார்கள். என் ரத்த மாதிரிகளை அவசரமாகப் பார்க்கச் சொல்லி ஹைதராபாத்துக்குச் சொன்னார்கள். மூன்றாம் நாள் முதல் தகவல் வந்தது. மருந்தின் அளவு, முதல் நாள் இருந்ததைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

அதற்கு மறுநாள் மருந்துக் கம்பெனியின் கண்காணிப்பாளர் சென்னையிலிருந்து வந்தார். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சீக்கிரம் குணமாகணும்னு சில பேர் கூடப் போட்டுக்குவாங்க. இல்ல, நடுவுல விட்டுட்டு, மொத்தமா சேர்த்துப் போடுவாங்க. அப்படி ஏதாவது?"

"இல்லைங்க."

"மறந்து ரெண்டு தடவை...?"

என் கணவர் மாத்திரை டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "எண்ணிக்குங்க சார். தினம் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஒண்ணு கூடக்குறைய இருந்தா என்னைக் கேளுங்க. அவளைக் கேட்காதீங்க."

எண்ணினார்கள். சரியாக இருந்தது. அந்த இளைஞர் அதையும் எழுதிக்கொண்டார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. விட்ட மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டாலும் எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கும்! விதிப்படி மருந்து எடுக்காதவரைச் சோதனையிலிருந்து நீக்கிவிடலாம். அந்த வரியையும் நான்தான் உரக்கப் படித்திருந்தேன்.

அடுத்து வந்த நாட்கள் அதைவிட மோசம். மருந்து இல்லை. தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள், தினமும் வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கும். இடது விலாவில் பழைய கனம் திரும்பியது. வெளியே அடைமழை. வயல் முழுகுகிறது, வடிகால் அடைத்துக்கொண்டுவிட்டது என்று பக்கத்து வயல்காரர் மாரியப்பன் போன் மேல் போன் செய்தார். கதிர் பால் பிடிக்கும் நேரம். "நீங்க போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். ஒரே ஒரு நாள் போனார். அன்று மாலையே நனைந்த சட்டையோடு திரும்பி வந்தார். பையில் நான்கு பம்ளிமாஸ்.

ஒரு வாரம் கழித்து ரெஹானா டாக்டர் என்னைச் சக்கர நாற்காலியில் அவர் அறைக்கு வரச் சொன்னார். கணினித் திரையில் ஒரு வரைபடம். கோடு தரையோடு ஓடி, திடீரென்று ஓரிடத்தில் கோபுரம்போல எழும்பியிருந்தது.

"இதுதான் உங்க மருந்து. இவ்வளவு உயரம். இதுக்குப் பக்கத்துல, எடை பதினாறு கூடின இடத்துல, இன்னொண்ணு இருக்கணும். முதல் நாள் இருந்துச்சு, பாருங்க." வேறு படத்தைக் காட்டினார். இரண்டு முனைகள் அருகருகே நின்றன. மறுபடி நாலாவது வாரத்துப் படத்துக்கு வந்தார். அந்த இடத்தில் எறும்புப் புற்று அளவுக்கு ஒரு மேடுதான். "நீங்க மாத்திரையைக் கூடப் போட்டிருந்தா ரெண்டுமே உசந்திருக்கணும். இங்க மருந்து உசந்திருக்கு, உடைஞ்சது குறைஞ்சிருக்கு. அப்படின்னா நீங்க ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க. உங்க உடம்புதான் அதை உடைக்கல. கம்பெனிக்கும் எழுதிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளில் யாரும் என்னை நம்பவில்லை என்பது எவ்வளவு அழுத்தியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆனா எது தடுக்குது? அதுதான் தெரியல. வேற மாத்திரை ஏதாவது? நாட்டு மருந்து, கஷாயம், லேகியம்?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அந்த நேரத்தில் கதவு திறந்தது. நான் வார்டில் இல்லாததால் தேடிக்கொண்டு வந்திருந்தார் என் கணவர். கையில் எவர்சில்வர் டப்பா.

"அது என்னங்க?" என்றார் டாக்டர்.

"பம்ளிமாஸ் மேடம். இது ஒண்ணுதான் அவளுக்கு இறங்குது."

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஏன் மேடம்?"

டாக்டர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். ஆங்கிலப் படிவம். ஒரு வரியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். கிரேப்ஃப்ரூட் என்று இருந்தது. பிறகு தமிழ்ப் படிவத்தைத் திறந்தார். திராட்சைப் பழம்.

கிரேப்ஃப்ரூட் என்பது திராட்சை இல்லை. அது பம்ளிமாஸுக்குப் பங்காளி முறையான ஒரு பழம். அந்த இனப் பழங்களின் சாற்றில் உள்ள ஏதோ ஒன்று, குடலில் மருந்தை உடைக்கும் நொதியைக் கட்டிப்போட்டுவிடுமாம். யார் மொழிபெயர்த்தார்களோ, அந்தப் பெயரில் 'கிரேப்' இருப்பதைப் பார்த்ததும் திராட்சை என்று எழுதிவிட்டார்கள். அவர்களுக்குப் பிறகு படித்தவர்கள் எல்லோரும் அதைத் திராட்சை என்றே படித்தார்கள். நானும்தான். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானும்தான் இதைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

என் கணவர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார்.

"அப்ப... நான் கொடுத்ததாலதானா?"

"உங்க தப்பு இல்லைங்க. எங்க படிவம்தான் தப்பு" என்றார் டாக்டர்.

அது அவர் காதில் விழவில்லை. டப்பாவை மெதுவாக மேசையில் வைத்தார். வெளியே போனார். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து எழ எனக்குத் தெம்பில்லை.

அன்று மதியம் வரை அவர் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மோட்டார் கொட்டகையில் பூச்சி மருந்து டப்பாக்கள் அடுக்கி வைத்திருக்கும் பலகை என் கண் முன்னால் வந்து நின்றது. புற்றுநோய் என்று சொன்ன நாளில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. மாரியப்பனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அவரு வயலுக்கு வந்தாரா? கொட்டகையில போய்ப் பாருங்கண்ணே. ஓடுங்கண்ணே!"

"என்னம்மா, என்னாச்சு?"

"முதல்ல ஓடுங்க. அப்புறம் சொல்றேன்."

அவர் போனை வைக்காமலே ஓடினார். தண்ணீரில் கால் அலம்பும் சத்தம், அவர் மூச்சிரைப்பது, மழைச் சத்தம். ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது. "இங்க இல்லம்மா" என்றார் மாரியப்பன். மறுபடி தண்ணீரில் கால் அலம்பும் சத்தம். பிறகு, "இந்தா இருக்காரும்மா. வடிகால்ல நிக்கிறாரு. இடுப்பளவு தண்ணியில நின்னு கையால சேத்தை அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்காரு."

"போனைக் கொடுங்கண்ணே."

போன் என் கணவர் கைக்கு மாறியது. மூச்சு மட்டும் கேட்டது.

"எனக்கு நீங்க வேணும். இங்க வாங்க. உடனே வாங்க" என்றேன்.

"சரி" என்றார். பஸ் பிடித்து, சேறு காய்ந்த வேட்டியோடு வந்து சேர்ந்தார்.

மருந்தைத் திரும்பத் தொடங்க சோதனையை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றார்கள். அதற்குப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் அணுக்கள் ஏறின. எலும்புகள் வலித்தன. அனுமதி வரும் முன் நோய் கை மீறிவிடும் என்று நினைத்து, யாழினியை வரவழைத்துக் கடைச் சாவியையும் பாஸ்புக்கையும் அவளிடம் கொடுத்தேன். அவள் அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஸ்டெல்லா மாத்திரையோடு வந்தார். மறுபடி ஏழு மணி, மறுபடி கடிகாரம், புகை விடும் பெட்டி. இந்த முறை வந்த படத்தில் இரண்டு முனைகளும் அருகருகே நின்றன. இதயம் ஒழுங்காகத் துடித்தது. தமிழ்ப் படிவத்தைத் திரும்ப அச்சடித்தார்கள். அச்சுக்கு முன் பார்த்துத் தரும்படி டாக்டர் என்னிடம் கேட்டார். பம்ளிமாஸ், சாத்துக்குடி, நார்த்தை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டேன். எது ஆகும், எது ஆகாது, எது பற்றித் தெரியாது என்று பிரித்து எழுதவைத்தேன்.

மூன்று மாதம் ஆகிறது. கெட்ட மரபணுவின் அளவு குறைந்திருக்கிறது, மறையவில்லை. இந்த மருந்தும் ஒரு நாள் பழகிப்போகலாம். வயலில் பாதி அழுகிவிட்டது, மீதியை அறுத்தோம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என் கணவர் எனக்குக் கையால் எதுவும் கொடுப்பதில்லை. தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கடைக்குப் போய்க் காய் வாங்கினால் அங்கிருந்தே ஸ்டெல்லாவுக்குப் போன். "சிஸ்டர், பீர்க்கங்காய் கொடுக்கலாமா? முருங்கைக்கீரை?" தண்ணீர் கேட்டால்கூட ஒரு கணம் தயங்கித்தான் எடுத்து வருவார். அந்தத் தயக்கம் எனக்கு நோயைவிட வலித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு உண்மையாகவே பசித்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த பசி.

"சோத்துல ரசம் விட்டுப் பிசைஞ்சு தர்றீங்களா?" என்றேன்.

"தட்டுல போட்டு வைக்கிறேன். நீயே பிசைஞ்சுக்க."

"எனக்குக் கை வலிக்குது."

அவர் போனை எடுத்தார். ரசத்தில் போட்ட மிளகைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று தெரிந்தது. ஸ்டெல்லா எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருந்திருப்பார். மறுபடி அடித்தார். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வெகு நேரம் கழித்துப் போனை அலமாரியில் வைத்தார். கை கழுவினார். தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, மெதுவாகப் பிசைந்தார். முதல் கவளத்தை எடுத்து நீட்டினார்.

வாங்கிச் சாப்பிட்டேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.